கணினி சிவப்பு என்று காட்டினால் லயத்தை விட்டுப் போக வேண்டுமா?

பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லயம் நிற்கும் சரிவை மண்சரிவு இடர் வரைபடத்தில் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "கம்ப்யூட்டர் மாடல் அப்படித்தான் சொல்லுது" என்று பதில் வந்திருக்கிறது. போன ஐப்பசியில் இரண்டு தடவை பாடசாலைக்குப் போய்ப் படுக்கச் சொன்னார்கள், இரண்டு தடவையும் ஒரு கல்கூட உருளவில்லை. தாத்தா காலத்திலிருந்து நிற்கிற லயம் இது, இந்தக் கணினி மாதிரிகளை எவ்வளவு நம்பலாம், அவை எதற்கு உதவும், எங்கே தவறும் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அடுத்த தடவை சொல்லும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு போவதா, பேசாமல் படுத்துக்கொள்வதா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போங்கள். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். பேராதனையில் சிவில் பொறியியல் படித்து, சுமார் இருபது வருடமாக மலைச்சரிவுகளின் உறுதியைக் கணிக்கிற வேலை செய்கிறேன். சரிவுக்கான மாதிரிகளை என் கையாலேயே செய்திருக்கிறேன். மழை முன்னறிவிப்பு மாதிரிகளைப் பொறுத்தவரை அவற்றின் விடையை வாங்கி வேலைக்குப் பயன்படுத்துகிறவன் மட்டுமே. உங்கள் மலையை நான் பார்த்ததில்லை. அதனால் அது விழுமா விழாதா என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன்.

"கம்ப்யூட்டர் மாடல்" என்று உங்களிடம் சொன்னதில் குறைந்தது மூன்று வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. முதலாவது அந்தச் சிவப்பு வரைபடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேலையை 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கியது. அடியில் என்ன பாறை, எப்படிச் சாய்ந்திருக்கிறது, மேலே என்ன மண், எவ்வளவு செங்குத்து, தண்ணீர் எப்படி ஓடுகிறது, நிலம் எதற்குப் பயன்படுகிறது, மலையின் உருவம் எப்படி என்று ஆறு விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி எடுத்த விடைதான் அந்த நிறம். முன்பு சரிந்த இடங்களை நடந்து போய்ப் பார்த்துப் படித்த பாடத்திலிருந்து வந்த புள்ளிகள் அவை. அதாவது அது உங்கள் மலை சரிவதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்த்த விடை இல்லை. "இதுவரை சரிந்த மலைகளுக்கு இருந்த குணங்கள் இந்த மலைக்கும் இருக்கின்றன" என்பதே அதன் பொருள். எந்த நாள் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எந்த மலை எந்த மலையைவிட ஆபத்தானது என்று வரிசைப்படுத்துவதில் இப்படிப்பட்ட வரைபடங்கள் உண்மையிலேயே நல்லவை. அந்த அளவுக்கு அதை நம்பலாம்.

இரண்டாவது, உங்களை எழுப்பி அனுப்பிய எச்சரிக்கை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கச் சொல்வார்கள். 100 ஆனால் வெளியேறத் தயாராகச் சொல்வார்கள். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் வெளியேறச் சொல்வார்கள். இதுவும் பழைய சரிவுகளோடு மழை அளவை ஒப்பிட்டு எடுத்த எல்லைக்கோடு. அதை எல்லா மலைக்கும் ஒரே மாதிரிப் போட்டால், சில மலைகள் 200இலும் அசையாது, சில 90இலேயே இறங்கிவிடும். இதற்குப் பிறகுதான் மூன்றாவது வருகிறது. அதுதான் சரியான அர்த்தத்தில் கணினி மாதிரி: ஒரு சரிவை எண்களாக்கி, மழையையும் நிலத்தடி நீரையும் அதற்குள் விட்டு, நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பது.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன், ஏனென்றால் நன்மையும் குறையும் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 30 பாகை சாய்ந்த ஒரு மலை. பாறைக்கு மேலே 3 மீற்றர் மண். அந்த மண்ணைக் கீழே இழுப்பது அதன் பாரம். பிடித்து வைத்திருப்பது மண்ணின் ஒட்டும் தன்மையும் உராய்வும். பிடிப்பை இழுப்பால் வகுத்தால் வருவதைப் பாதுகாப்புக் காரணி என்போம். 1க்கு மேல் என்றால் நிற்கும், கீழே என்றால் சரியும். நம் பக்கத்து மண்ணுக்குப் பொருந்தக்கூடிய எண்களாக ஒட்டும் தன்மை 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 32 பாகை, மண்ணின் பாரம் கனமீற்றருக்கு 18 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மண் காய்ந்திருக்கும்போது விடை 1.30. அடியில் 1 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 1.10. ஒன்றரை மீற்றர் நின்றால் 1.00. மேல் மட்டம் வரை நிறைந்தால் 0.71. தண்ணீர் மண்ணை வழுக்கச் செய்கிறது என்று பொதுவாக நினைப்போம். அதைவிட, அது மண்ணைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் இடுப்புக்கு ஏற ஏறக் காலில் பாரம் குறைந்து, கல்லில் இருந்த பிடிமானம் போவது தெரியும் அல்லவா, அதே கதைதான் மண்ணுக்கும்.

இப்போது நன்மையைப் பாருங்கள். உண்மையான மலையில் "தண்ணீரை அரை மீற்றர் ஏற்றிப் பார்ப்போம்" என்று யாரும் சோதனை செய்ய முடியாது. செய்தால் ஆட்கள் சாவார்கள். கணினியில் ஒரு மத்தியானத்துக்குள் ஆயிரம் தடவை மலையைச் சரியவிட்டுப் பார்க்கலாம். எதை மாற்றினால் விடை அதிகம் அசைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மேலே சொன்ன கணக்கிலேயே தண்ணீரை அரை மீற்றர் இறக்கியதும் 1.00 என்பது 1.10 ஆகிறது. அடைத்துக் கிடக்கும் கானை, அதாவது வடிகாலை, துப்புரவாக்கி, மேலே இருந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிடுவதால் கிடைக்கக்கூடிய பலன் அது. லயத்துக்குப் பின்னால் இலட்சக்கணக்கில் செலவழித்துச் சுவர் கட்டுவதற்கு முன்னால், அந்தச் சுவரைக் கணினியில் கட்டிப் பார்க்கலாம். பல இடங்களில் சுவரைவிடக் கான்தான் அதிகம் வேலை செய்கிறது என்பதை நான் மாதிரியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இப்படி இரண்டு வழிகளை ஒப்பிடுவதில் மாதிரி பெரும்பாலும் ஏமாற்றாது. எண் கொஞ்சம் தப்பாக இருந்தாலும், எது எதைவிட மேல் என்ற வரிசை அநேகமாகச் சரியாகவே நிற்கும்.

சரி, குறை எங்கே? அதே கணக்கில் தண்ணீர் ஒன்றரை மீற்றர். உராய்வுக் கோணத்தை 32க்குப் பதில் 34 என்று போட்டால் 1.06, நிற்கிறது. 30 என்று போட்டால் 0.94, விழுகிறது. ஒரே மலையில் பத்தடி தள்ளித் தோண்டி எடுத்த இரண்டு மண் மாதிரிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் சாதாரணம். ஆகவே "1.06, எனவே பாதுகாப்பு" என்று ஓர் அறிக்கை சொன்னால், இரண்டு தசமத்துக்கு அச்சடித்திருப்பதைப் பார்த்து நம்பக்கூடாது. அந்த இரண்டாவது தசமத்தைக் கணினி தருகிறது, மண் தரவில்லை. நல்ல பொறியியலாளர் ஒரே எண்ணைப் போடாமல், சாத்தியமான எண்களையெல்லாம் மாற்றி மாற்றிப் பத்தாயிரம் தடவை ஓட்டி, அதில் எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணிச் சொல்வார். ஸ்தனிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் 1946இல் நோயிலிருந்து தேறி வரும்போது தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்து கண்டுபிடித்த வழி அது. மொன்டே கார்லோ என்பார்கள். அப்படிச் சொன்ன விடை நேர்மையானது. ஆனால் "நூற்றுக்கு இருபது வாய்ப்பு" என்று கேட்டவர் "அப்போ விழாதுதானே" என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

எண்களில் வரும் தடுமாற்றத்தை இப்படியாவது சமாளிக்கலாம். மாதிரிக்குள் இல்லவே இல்லாத ஒன்றை எந்தக் கணக்காலும் பிடிக்க முடியாது. ஊவாப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். லயத்துக்கு மேலே இருந்த சரிவில் மூன்று துளை போட்டு, தண்ணீர் மட்டம் பார்த்து, மாதிரி செய்தோம். நல்ல விடை வந்தது. துளை போட்டது ஆவணி மாதம். ஊவாவில் அது காய்ந்த காலம், நிலத்தடி நீர் அடியோடு இறங்கியிருக்கும். எனக்கு அது தெரியும், அதற்காக மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தியும் போட்டிருந்தேன். கடைசி நாள், மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் கை கழுவப் போனேன். குடத்தோடு நின்ற ஒரு வயதான அம்மா என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பீலிக்கு மேலே, என் தலைக்கும் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே மண்மேட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். "ஐப்பசி மாசம் அங்கேயிருந்தும் ஊத்தும் தம்பி. கலங்கலா வரும், துணி அலச முடியாது." ஏறிப் போய்ப் பார்த்தேன். கறுத்துக் காய்ந்த பாசி, அதற்குக் கீழே நீர் அரித்த ஒரு சின்ன வாய்க்கால், விரல் நுழையும் அளவு ஓட்டை. நான் போட்டிருந்த மட்டத்தைவிட அது வெகு உயரம். அந்த உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி மாதிரியைத் திரும்ப ஓட்டியதும் விடை 1க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து துளை போடும் இயந்திரம் வருவதற்கு முன்பே பீலியடிக்குப் போய்விடுகிறேன்.

நம் மலைகளில் இது அடிக்கடி நடக்கக் காரணம் உண்டு. அடிப்பாறையில் பிளவுகள் ஏராளம். எந்தப் பிளவு எங்கே போய் எதனோடு சேர்கிறது என்று மேலிருந்து தெரியாது. உமா ஓயாச் சுரங்கம் தோண்டும்போது தண்ணீர் உள்ளே பாய்ந்து, உங்கள் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, பழைய காலத்தில் சரிந்து வந்து தேங்கிய மண்ணும் கல்லும் கலந்த மேடுகளின் மீதே பல லயங்கள் நிற்கின்றன. அந்த மண் ஓர் இடத்தில் இருப்பதுபோல் இன்னோர் இடத்தில் இருக்காது. மூன்று துளையில் பார்த்ததை வைத்து முழு மலையையும் கற்பனை செய்கிறோம் என்பதே உண்மை.

அப்புறம் கட்டத்தின் அளவு. மலையின் உயரத்தைக் கணினிக்குக் கொடுக்கப் பலரும் பயன்படுத்தும் இலவசத் தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்றிலிருந்து ரேடாரால் அளந்தது. அது நிலத்தைச் சுமார் 30 மீற்றர் கட்டங்களாகப் பார்க்கிறது. பத்தடிக் காம்பரா பத்து வரிசையாக இருந்தால் நூறடி, அதாவது 30 மீற்றர். உங்கள் லயம் முழுவதும் அதில் ஒரே ஒரு கட்டம். பின்னால் குசினியை நீட்டுவதற்காக எட்டடி செங்குத்தாக வெட்டிய மண் அதில் தெரியாது. ஆனால் சரிவு பல தடவை அந்த வெட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

மழையில் கட்டம் இன்னும் பெரிது. உலகத்தின் சிறந்த வானிலை மாதிரிகளில் ஒன்றான ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி 9 கிலோமீற்றர் கட்டத்தில் வேலை செய்கிறது. அப்புத்தளையில் நின்று தெற்கே பாருங்கள். சில கிலோமீற்றருக்குள் நிலம் பல நூறு மீற்றர் இறங்கிவிடுகிறது, மேலே மூடுபனி, கீழே வெயில். அத்தனையையும் ஒரே கட்டமாக, ஒரே சராசரி உயரமாக எடுத்துக்கொண்டால் எந்தச் சரிவில் மேகம் கொட்டும் என்று துல்லியமாக எப்படிச் சொல்லும்? கட்டத்தைச் சிறிதாக்கினாலும் தீராத இன்னொரு பிரச்சினை இருக்கிறது. 1961இல் எட்வர்ட் லொரென்ஸ் என்ற அறிஞர் தன் வானிலை மாதிரியைப் பாதியிலிருந்து திரும்ப ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டார். நாலாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். கொஞ்சத் தூரம் போனதும் வானிலை முற்றிலும் வேறாகிவிட்டது. அதனால்தான் இன்று ஒரே முன்னறிவிப்பைத் தொடக்கத்தைச் சற்றே மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையம் 51 தடவை ஓட்டுகிறது. பெரிய புயல் வரப்போகிறது என்பதை இந்த முறை நாட்கணக்கில் முன்கூட்டியே சொல்லும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை இடங்களில் மண் இறங்கியது என்று பார்த்தோம். மாவட்டத்துக்கே ஆபத்து என்று சொல்வது ஒன்று, எந்தத் தோட்டத்தின் எந்த லயம் என்று சொல்வது வேறு. முதலாவதை இன்றைய மாதிரிகளால் செய்ய முடியும். இரண்டாவதை முடியாது.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். நனைந்த பிள்ளைகளோடு பாடசாலைத் தரையில் படுத்து, மறுநாள் வேலைக்குப் பேர் போடவும் முடியாமல் சம்பளத்தை இழந்து, கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் யாருக்கும் வெறுத்துப்போகும். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் எச்சரிக்கை பொய் என்று ஆகாது. ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று சரியாகவே கணித்திருந்தாலும், ஐந்தில் நான்கு தடவை நீங்கள் சும்மா திரும்பி வருவீர்கள். தாத்தா காலத்திலிருந்து நின்றது என்பதும் முழுச் சாட்சி ஆகாது. தாத்தா காலத்தில் மலையில் கான் வெட்டவும் வாரவும் தனியாக ஆட்கள் இருந்தார்கள். மலைக்கு மேலே புது ரோடுகள் இல்லை. தேயிலை காடாகவில்லை. அதே மலை என்று நாம் நினைப்பது இப்போது அதே மலை இல்லை. வரைபடத்துக்கும் இதே குறை உண்டு. அது வரைந்த அன்றைய நிலத்தைத்தான் காட்டும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அங்கே கணிப்பு தவறவில்லை. போவதற்கு வேறு காணி இல்லாத, வேறு வீடு இல்லாத மக்களிடம் "போங்கள்" என்று மட்டும் சொன்னது தவறியது. மாதிரியைப் பற்றிக் கேட்கிற எவரிடமும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை. சிவப்பு என்று தெரிந்த பிறகு அந்தக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான காணி கொடுப்பது கணினியின் வேலை இல்லை, அது அரசினதும் தோட்ட நிர்வாகத்தினதும் வேலை. அதைத் தள்ளிப்போட "மாடல் நிச்சயமாகச் சொல்லவில்லையே" என்பது ஒரு சாட்டாகிவிடக் கூடாது. மாடல் என்றைக்கும் நிச்சயமாகச் சொல்லாது.

அதனால் நான் நம்புவது இப்படி: சிவப்பையும் வெளியேறு என்ற எச்சரிக்கையையும் முழுதாக மதிப்பேன், ஆபத்தில்லை என்று சொல்லும் பச்சையை அவ்வளவு மதிக்க மாட்டேன். எச்சரிக்கை பிழைத்தால் ஒரு இரவுத் தூக்கம் போகும். பச்சை பிழைத்தால் ஆட்கள் போவார்கள். இரண்டு பிழைக்கும் விலை ஒன்றில்லை. எச்சரிக்கை வராவிட்டாலும் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், அல்லது நின்றுபோனால், மேட்டில் புதிதாக ஊற்றுக் கிளம்பினால், மரமோ கம்பமோ சாய்ந்தால், கதவு திடீரென்று சிக்கினால், யாரையும் கேட்காமல் வெளியே போங்கள். வெளியே வந்த பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி எண்ணுக்குப் பேசலாம்.

மழை அளவை நீங்களே பார்க்கலாம். உங்களுக்கு மிகக் கிட்டிய மழைமானி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கக்கூடும். வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு பால்மா டின்னைக் கூரையோ மரமோ மறைக்காத வெட்டையில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று அளவுகோலால் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதுதான் உங்கள் 24 மணித்தியால மழை. லயத்துக்கு மேலே நிலத்தில் வெடிப்பு இருந்தால், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, முளையின் தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி எத்தனை மில்லிமீற்றர் என்று தினமும் பாருங்கள். மழைக்காலத்தில் காலையும் மாலையும். ஒரு கொப்பியில் திகதி, மழை, வெடிப்பு, பீலித் தண்ணீர் தெளிவா கலங்கலா என்று நாலு பத்தியில் எழுதுங்கள். வெடிப்பு நாளுக்கு நாள் வேகமாக அகன்றால் காத்திருக்க வேண்டாம். அகலாவிட்டாலும் ஒரு மழைக்காலம் முழுக்க எழுதிய கொப்பியைப் பிரதி எடுத்து, கிராம உத்தியோகத்தர் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுங்கள். மாதிரி செய்கிற எங்களுக்கு மூன்று துளையும் ஒரு மாத அளவீடும்தான் கிடைக்கின்றன. ஓர் ஐப்பசியும் கார்த்திகையும் முழுதாக எழுதிய நாற்பது பக்கக் கொப்பி இதுவரை என் கைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது.